பந்தாடவே தெரியாமல் ஐரோப்பாவில் 70 கோலா? பிப்போ இன்சாகி பற்றிக் கொஞ்சம் பேசலாம்

#1 நள்ளிரவு_ஆட்டம்

நேற்று டீக்கடையில் ஒரு சின்னச் சண்டை. இத்தாலியின் சிறந்த ஸ்ட்ரைக்கர் ஐந்து பேரைச் சொல் என்றார் நண்பர். ஜிஜி ரீவா, பாவ்லோ ரோஸ்ஸி, பாஜ்ஜோ, வியேரி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஐந்தாவதாக நான் பிப்போ என்கிற ஃபிலிப்போ இன்சாகி என்றதும் கிளாஸை டொக்கென்று கீழே வைத்துவிட்டார். "அவனா? ஒரு ஆளைத் தாண்டிப் போகத் தெரியாது. தூரத்திலிருந்து அடிக்கத் தெரியாது. கோல் வாசலில் நின்று, சிந்தியதைப் பொறுக்கியவன்."

சரி, பொறுக்கினார் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு பொறுக்கினார்? இத்தாலியின் முதல் நிலை லீக்கான சீரி ஆவில் 156 கோல். யுவென்டஸுக்கு 165 ஆட்டத்தில் 89, மிலனுக்கு 300 ஆட்டத்தில் 126. இத்தாலி அணிக்கு 57 ஆட்டத்தில் 25. ஐரோப்பியக் கோப்பைகளில் மட்டும் 70, அதாவது ஜெர்மனியின் கோல் மன்னன் கெர்ட் முல்லரைவிட ஒன்று அதிகம். இவ்வளவையும் பொறுக்க ஒருவனுக்குச் சும்மா அதிர்ஷ்டம் மட்டும் போதுமா?

நான் மிலன் ரசிகன், பாரபட்சம் இருக்கும். அதனால்தான் இங்கே கொண்டுவந்து போடுகிறேன். திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

#2 பத்தாம்_எண்

உங்கள் நண்பருக்கு என் கணக்கில் இன்னொரு டீ சொல்லுங்கள்.

நான் பாஜ்ஜோவைப் பார்த்து வளர்ந்தவன். அவர் காலில் பந்து வந்தாலே என்னமோ நடக்கப்போகிறது என்று தெரியும். இன்சாகி காலில் வந்தால்? இரண்டாவது டச்சிலேயே பந்து அவரை விட்டுப் போய்விடும். கிட்டத்தட்ட 20 வருடம் ஆடிய மனிதரின் கோல்களில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கத் தோன்றுவது எத்தனை? தொடையில் பட்டது, தோளில் பட்டது, கீப்பர் தட்டிவிட்டு வந்தது. அவருக்கு உண்மையில் ஆடவே தெரியாது, எப்போதும் சரியான இடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் என்று டச்சு மேதை யோஹான் க்ரைஃப் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. க்ரைஃபுக்கு மேல் நான் என்ன சொல்ல.

#3 நள்ளிரவு_ஆட்டம்

அந்தப் பேச்சின் பின்பாதியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள் நண்பரே. "எப்போதும் சரியான இடத்தில்." அதைத்தானே நானும் சொல்கிறேன்.

#4 கறுப்பு_வெள்ளை

யுவென்டஸ் ரசிகனாக நான்கு வருடம் இந்த ஆளோடு குப்பை கொட்டியவன் நான். என் தரப்பையும் கேளுங்கள்.

1997இல் எங்களிடம் வந்தார். முந்தைய சீசனில் அட்டலாண்டாவில் 24 கோல் அடித்து சீரி ஆவிலேயே அதிக கோல் அடித்தவர். வந்த முதல் வருடமே லீக்கில் 18 கோல், சாம்பியன் பட்டம். பக்கத்தில் டெல் பியரோ, பின்னால் ஜிடான். 1998 மார்ச்சில் டைனமோ கீவ் மண்ணில் 4-1 என்று ஜெயித்தோமே, அதில் மூன்று இவருடையது. 2000 செப்டம்பரில் ஹாம்பர்க்கோடு 4-4, அதிலும் மூன்று. (அந்த ஆட்டத்தில் ஹாம்பர்க் கோல்கீப்பர் புட்டே பெனால்டியில் எங்களுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். பைத்தியக்கார ராத்திரி அது.) ஐரோப்பியக் கழகங்களின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டு ஹாட்ரிக் போட்ட முதல் ஆள் இவர்தான் என்று அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

ஆனால் பாஸ்? பக்கத்தில் ஆள் இருப்பதே இவர் கண்ணுக்குத் தெரியாது. 2000இல் வெனிசியாவை 4-0 என்று அடித்த ஆட்டத்தில் இவர் மூன்று போட்டார். அந்தச் சீசனில் அதுவரை பெனால்டி தவிர லீக்கில் கோலே கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த டெல் பியரோ பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். கொடுத்தாரா? கடைசியில் டெல் பியரோவுக்குக் கிடைத்ததும் ஒரு பெனால்டிதான். பிறகு ட்ரெஸெகே வந்தார், இவர் பெஞ்சுக்குப் போனார், 2001 கோடையில் மிலனுக்குப் போய்விட்டார். அதே கோடையில் ஜிடானும் போனதால் இவருக்காக அழ எங்களுக்கு நேரமில்லை.

மோசமான ஸ்ட்ரைக்கர் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு மருமகனாக எடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

#5 தெற்குவாசல்

நான் 2005இல் பிறந்தவன், தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும். யூட்யூபில் பார்த்தால் அவருக்கு வேகமும் இல்லை, உடம்பும் ஒல்லி. எல்லோரும் ஆஃப்சைடு ஆஃப்சைடு என்று சிரிக்கிறார்கள். ஆஃப்சைடிலேயே பிறந்தவன் என்று மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசன் சொன்னதாகவும் போட்டிருக்கிறது. அப்படியானால் அந்த கோல்களெல்லாம் லைன்ஸ்மேன் தவறவிட்டதா?

#6 கொடிக்காரர்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் மாவட்ட லீக் ஆட்டங்களில் கோட்டோரம் கொடி பிடித்தவன் நான். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் கொடியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று. ஆஃப்சைடு இடத்தில், அதாவது பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிரணி ஆளையும் தாண்டி கோல் பக்கம், நிற்பது குற்றமே இல்லை. கூட்டாளி பந்தை உதைக்கும் அந்த நொடியில் எங்கே இருந்தான் என்பதுதான் கணக்கு. 1990 முதல் கடைசிக்கு முந்தைய எதிரணி ஆளோடு ஒரே கோட்டில் இருந்தாலும் ஆன்சைடு. இன்சாகி இந்தச் சட்டத்துக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார்.

அவர் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தால், பந்து எங்கோ நடுவில் இருக்கும்போது இவர் டிஃபெண்டர்களுக்கு அந்தப் பக்கம், வேண்டுமென்றே ஆஃப்சைடில், சும்மா உலாத்திக்கொண்டிருப்பார். டிஃபெண்டர் என்ன செய்வான்? பந்தைப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் நிற்கிற இவரைப் பார்க்க முடியாது. திரும்பி இவரைப் பார்த்தால் பந்து போய்விடும். இவர் மெதுவாக நடந்து கோட்டுக்குத் திரும்புவார். பந்து வைத்திருப்பவன் தலையைத் தூக்குகிற சமயத்தில் கோட்டை ஒட்டிப் பக்கவாட்டில் இரண்டு எட்டு ஓடிவிட்டு, பாஸ் கிளம்பும்போது வளைந்து உள்ளே. நேராக ஓடுகிறவன் சீக்கிரம் கோட்டைத் தாண்டிவிடுவான். வளைந்து ஓடுகிறவனுக்கு வேகமும் சேர்ந்துவிடும், கோடும் தாண்டாது. இத்தாலியில் இதற்கென்றே "சுல் ஃபிலோ" என்பார்கள், நூல் மேல் நடப்பது மாதிரி.

லைன்ஸ்மேன் பக்கத்துக் கஷ்டத்தையும் கேள். டிஃபெண்டர்கள் பொறி வைத்து முன்னால் ஓடி வருவார்கள், இவர் எதிர்த்திசையில் ஓடுவார். ஆளுக்கு வினாடிக்கு 7 மீட்டர் என்று வை. பத்தில் ஒரு பங்கு வினாடியில் இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் மாறிவிடும். பந்து உதைபடுவது 30 மீட்டர் தள்ளி. ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. தலையைத் திருப்புகிற நேரத்திலேயே ஆன்சைடு ஆள் ஆஃப்சைடாகத் தெரிவான். நாங்கள் தவறவிட்டது எவ்வளவோ, தப்பாகத் தூக்கியதும் அவ்வளவு இருக்கும்.

நானே ஒருமுறை ஓர் இறுதி ஆட்டத்தில் அப்படித் தூக்கிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் பின்வாசல் வழியாக பைக்கைத் தள்ளிக்கொண்டே போனேன். ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் கேட்குமே.

#7 பத்தாம்_எண்

கொடிக்காரர் சார், அருமையான விளக்கம். ஆனால் அத்தனை முறை கொடி ஏறியது ஏறியதுதானே? ஒரு ஆட்டத்தில் ஐந்தாறு தடவை அணியின் தாக்குதலை நாசம் செய்கிற ஆளை எப்படிப் பெரிய ஆட்டக்காரர் என்பது?

#8 கொடிக்காரர்

கொடி ஏறினால் என்ன நஷ்டம் சார்? எதிரணிக்கு ஒரு ஃப்ரீ கிக், அதுவும் அவர்கள் பாதியில். ஏறாவிட்டால் கோல்கீப்பரோடு ஒண்டிக்கு ஒண்டி. நம்மில் பலருக்கு இரண்டு தடவை கொடி ஏறினாலே வெட்கம் வந்து பின்வாங்கி நிற்போம். அந்த மனிதருக்கு அந்த வெட்கம் சுத்தமாக இல்லை. கையை விரித்து லைன்ஸ்மேனைத் திட்டிவிட்டு அடுத்த நிமிடம் அதே இடத்துக்குப் போய்விடுவார். கொடி பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கு ரொம்ப எரிச்சலூட்டுகிற வகை அது. நாலு தடவை தூக்கிய பிறகு ஐந்தாவது தடவை நமக்கே ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம்தான் அவருடைய சம்பளம்.

#9 யாழ்_பந்து

வணக்கம் எல்லோருக்கும். கொடிக்காரர் அண்ணை எழுதினதை எங்கட கழகத்துப் பெடியளுக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

இவர் வந்த பாதையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பியாச்சென்ஸா ஊர்க்காரர், 1973இல் பிறந்தவர். ஊர்க் கழகத்திலேயே தொடங்கி, அங்கே இடமில்லாமல் பெர்கமோ மலைப் பக்கத்து சின்ன ஊரான லெஃபேக்குக் கடனாக அனுப்பப்பட்டார். மூன்றாம் நிலை லீக். அங்கே 21 ஆட்டத்தில் 13 கோல். அடுத்த வருடம் வெரோனா, இரண்டாம் நிலை, அங்கேயும் 13. திரும்ப பியாச்சென்ஸாவுக்கு வந்து 15 கோல், அணி முதல் நிலைக்கு ஏறியது. பிறகு பார்மா. ஸ்டாய்ச்கோவும் சோலாவும் இருந்த இடத்தில் லீக்கில் 15 ஆட்டத்துக்கு இரண்டே இரண்டு கோல். ஒரு வருடத்தில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் அட்டலாண்டாவில் அந்த 24.

வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார், தம்பி சிமோனே. அவரும் ஸ்ட்ரைக்கர். 2000 மார்ச்சில் லாட்சியோவுக்காக மார்செய் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டவர். அந்த சீசனின் கடைசி நாள் கதையை கறுப்பு_வெள்ளை அண்ணைதான் சொல்ல வேணும், அவருக்குத்தான் நல்லா நோகும்.

#10 கறுப்பு_வெள்ளை

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குத்துகிறீர்களே ஐயா. சரி, சொல்கிறேன்.

2000 மே 14. கடைசிச் சுற்று. எங்களுக்கு 71 புள்ளி, லாட்சியோவுக்கு 69. பெருஜியாவில் ஜெயித்தால் பட்டம். முதல் பாதி முடிந்ததும் வானம் கிழிந்தது. மைதானம் குளமாகிவிட்டது. நடுவர் கொல்லினா குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பந்தைப் போட்டுப் பார்ப்பார், அது சொத்தென்று அப்படியே நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். பெருஜியாவின் கலோரி ஒரு கோல் போட்டார். எங்களால் திருப்பவே முடியவில்லை. அண்ணன் இன்சாகி அந்தச் சேற்றில் கடைசிவரை விழுந்து புரண்டதுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் ரோமில் லாட்சியோ 3-0 என்று ரெஜினாவை முடித்துவிட்டு, எங்கள் ஆட்டம் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. அந்த மூன்றில் முதல் கோல் பெனால்டி. அடித்தது தம்பி இன்சாகி. 72-71.

பியாச்சென்ஸா வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் அந்த அம்மா எந்த மகனுக்கு முதலில் போன் போட்டிருப்பார் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

#11 நள்ளிரவு_ஆட்டம்

இந்த ஒரு பதிவுக்காகவே இழையைத் திறந்தது வீண் போகவில்லை.

இனி மிலன் காலம், நான் பார்த்தது. 2001இல் வந்ததும் முழங்கால் போனது. 2002-03 சாம்பியன்ஸ் லீக்கில் மனிதர் வெறி பிடித்து ஆடினார். டிபோர்டிவோவுக்கு எதிராக மூன்று போட்டார். அயாக்ஸ் காலிறுதியை மறக்க முடியாது. எங்கள் மைதானமான சான் சீரோவில் 2-2, அப்படியே முடிந்தால் வெளியூரில் போட்ட கோல் கணக்கில் நாங்கள் வெளியேற வேண்டியதுதான். 90 நிமிடம் தாண்டியாயிற்று. நீளமாக வந்த பந்தில் இவர் கீப்பர் லோபொன்ட்ஸ் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். பந்து தானாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் டோமாசோன் காலை வைத்து அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். கறுப்பு_வெள்ளை கவனிக்க: வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பந்தைப் பொறுக்கியதாகத் திட்டு வாங்கிய ஆளின் கோலையே இன்னொருவர் பொறுக்கிவிட்டார். அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் உங்கள் யுவென்டஸைத்தான் பெனால்டியில் ஜெயித்தோம்.

பிறகு இரண்டு வருடம் முழங்கால், கணுக்கால் என்று ஆஸ்பத்திரி வாசம். 2005 இஸ்தான்புல் இறுதி ஆட்டத்தில் பெஞ்சில்கூட இவருக்கு இடமில்லை. 3-0 என்று முன்னிலையில் இருந்து லிவர்பூலிடம் தோற்றதை வெளியே இருந்து பார்த்தார். அப்போது வயது 31. கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

2006-07. ஊழல் வழக்கில் புள்ளிகள் வெட்டப்பட்டதால் மிலன் சாம்பியன்ஸ் லீக்கில் தகுதிச் சுற்றிலிருந்தே ஆட வேண்டியிருந்தது. ரெட் ஸ்டார் பெல்கிரேடோடு இரண்டு ஆட்டம், இரண்டிலும் இன்சாகி கோல். ஆனால் சீரி ஆவில் அந்த வருடம் முழுக்க இவர் போட்டது இரண்டே இரண்டு. இப்படி ஒரு ஆளை இறுதி ஆட்டத்தில் ஒற்றை ஸ்ட்ரைக்கராக நிறுத்துவதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஜிலார்டினோவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு பயிற்சியாளர் அன்செலோட்டி அதைச் செய்தார்.

நம் ஊரில் ஆட்டம் தொடங்கியது ராத்திரி 12.15க்கு. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். டி.வி. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, திரைக்கு இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தேன். 45ஆவது நிமிடம், பாக்ஸுக்கு வெளியே ஃப்ரீ கிக். பிர்லோ அடித்தார். பந்து இன்சாகியின் மார்புக்கும் தோளுக்கும் நடுவில் எங்கோ பட்டுத் திசை மாறியது. எதிரணி கீப்பர் ரெய்னா ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார், பந்து இன்னொரு பக்கம். 82ஆவது நிமிடம் காகா ஒரு பாஸ். ரெய்னா காலடியில் பாய்ந்து வருகிறார். இவர் பந்தை வலது பக்கம் தள்ளினார். கொஞ்சம் அதிகமாகவே தள்ளிவிட்டார், கோணம் குறுகிவிட்டது. ஐயோ போச்சு என்று நான் தரையைத் தட்டினேன். அவர் அவசரப்படவில்லை. பந்தைப் பிடித்துப் பக்கவாட்டுக் காலால் உருட்டினார். உருட்டினார் என்றால் உருட்டினார்தான், பந்து வலையைத் தொடுகிற வேகத்தில் ஒரு பூனை நடந்து போயிருக்கலாம். பிறகு மண்டியிட்டு வாயைத் திறந்து கத்தியது டி.வி.யில் சத்தமில்லாமல் தெரிந்தது.

2-1. அதே லிவர்பூல்.

#12 பத்தாம்_எண்

முதல் கோல் உடம்பில் பட்டது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதிர்ஷ்டம் என்று நான் சொன்னால் மட்டும் கோபம்.

#13 நள்ளிரவு_ஆட்டம்

பட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த கிளிப்பை இன்னொரு தடவை போடுங்கள். பிர்லோ உதைப்பதற்கு முன்பே இவர் சுவரை விட்டு விலகி, பந்து வரும் பாதைக்கு ஓட ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் நின்று பார்க்கிறார்கள். பட்டது அதிர்ஷ்டமாக இருக்கலாம், படுகிற இடத்தில் இருந்தது அதிர்ஷ்டம் இல்லை.

#14 மெரினா_விங்கர்

தாமதமாக வருகிறேன். 2006 உலகக் கோப்பையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே?

ஹாம்பர்க், ஜூன் 22, செக் குடியரசு. நெஸ்டாவுக்கு அடிபட்டு மாற்று ஆளாக வந்த மாடெராட்ஸி தலையால் முட்டி முதல் கோல். (அதே மாடெராட்ஸிதான் பிற்பாடு நம்ம சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சியாளராக வந்து 2015இல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அதனால் இந்த ஆட்டத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம்.) அறுபதாவது நிமிட வாக்கில் ஜிலார்டினோவுக்குப் பதிலாக இன்சாகி. 87ஆவது நிமிடம் செக் அணி மொத்தமும் முன்னால் வந்துவிட்டது, இவர் நடுக்கோட்டிலிருந்து தனியாக ஓடுகிறார். பக்கத்திலேயே பரோனே. எதிரே ஒரே ஒரு கோல்கீப்பர், அணியின் பெயரையே குடும்பப் பெயராக வைத்திருக்கிற பெட்ர் செக். பரோனேவுக்கு ஒரு சின்னப் பாஸ் கொடுத்தால் அவர் நடந்தே போய்க் கோல் போடலாம். பரோனேவும் பாவம், ஓடிக்கொண்டே பார்க்கிறார்.

கொடுக்கவில்லை. கீப்பரைச் சுற்றிப் போய்த் தானே தள்ளிவிட்டார். பின்னாலேயே வந்த பரோனே கட்டிப்பிடித்துக்கொண்டார், வேறென்ன செய்வார். அந்த உலகக் கோப்பையில் இன்சாகி ஆடியது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். கோப்பையில் அவருக்கும் பங்கு.

#15 கறுப்பு_வெள்ளை

பரோனே படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டெல் பியரோதான் ஞாபகம் வருவார். சொன்னேன் இல்லையா, மருமகனாக எடுக்க மாட்டேன் என்று.

#16 தெற்குவாசல்

இன்றைக்கு வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்துத் தீர்ப்பைத் திருத்துகிற முறை) இருக்கும்போது ஆடியிருந்தால் பாதி கோல் போயிருக்குமே?

#17 கொடிக்காரர்

சில கோல் போயிருக்கும். 2007இல் மியூனிக்கில் பயர்ன் அணிக்கு எதிராகப் போட்டதுகூட ஆஃப்சைடு என்று அப்போதே கூச்சல் எழுந்தது. 2010 நவம்பரில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராகப் போட்ட இரண்டாவது கோலையும் இன்றைய திரை விட்டிருக்காது.

ஆனால் திரும்பி வந்திருப்பதையும் கணக்குப் பார். 2002 உலகக் கோப்பையில் மெக்ஸிகோவுக்கு எதிராகப் பந்தை உள்ளே போட்டார். கொடி ஏறிவிட்டது. ரீப்ளேயில் சுத்தமான ஆன்சைடு. அதற்கு முந்தைய ஆட்டம் குரோஷியா. கடைசி நேரத்தில் மாடெராட்ஸி நீளமாகத் தூக்கிப் போட்ட பந்து யார் மேலும் படாமல் நேராக வலைக்குள் போய்விட்டது. இன்சாகி ஒரு டிஃபெண்டரின் சட்டையைப் பிடித்தார் என்று அதையும் ரத்து செய்தார்கள். திரும்பப் பார்த்தால் பிடித்ததாகச் சொல்லவே சங்கடமாக இருக்கும். இத்தாலி அதில் 2-1 என்று தோற்றது.

இன்னொன்று. இப்போது லைன்ஸ்மேனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பதே, நெருக்கமான கட்டமென்றால் கொடியைக் கீழே வை, ஆட்டம் முடியட்டும், பிறகு தூக்கு என்பதுதான். ஒவ்வொரு தடவையும் கோல்வரை ஓடிப் பார்க்கலாம், மிச்சத்தைத் திரை பார்த்துக்கொள்ளும். இதைவிட இன்சாகிக்கு என்ன வேண்டும்? முட்டி ஒரு விரல் நுனி அளவு தள்ளியிருந்தாலே ரத்து என்கிற காலத்தில் அந்த வளைந்த ஓட்டத்தை அரை எட்டு தாமதமாக ஆரம்பித்திருப்பார், அவ்வளவுதான். அந்த மாதிரி ஆட்கள் சட்டத்தை நம்மைவிட நன்றாகப் படிப்பார்கள்.

#18 யாழ்_பந்து

ஒழுக்கத்தைப் பற்றியும் ஒரு வரி. வேகமும் பலமும் இல்லாதவர் 38 வயதுவரை மிலனில் ஆடியது சும்மா வரேல்லை. வெறும் பாஸ்டா, உலர்த்திய மாட்டிறைச்சியான பிரெசாவோலா, அதுதான் சாப்பாடு என்று கூட ஆடினவர்கள் சிரிச்சுச் சொல்லுவார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கிற பிஸ்கட்டும் சாப்பிடுவாராம். டிஃபெண்டர்கள் யார், எந்தப் பக்கம் திரும்பச் சோம்பல்படுவார்கள் என்று ஆட்டத்துக்கு முதலே படிச்சு வைப்பாராம்.

பயிற்சியாளராக வந்த பிறகும் அதே பாதைதான். மிலனில் 2014-15 சரிவரவில்லை. கீழே இறங்கி மூன்றாம் நிலையில் வெனிசியாவை மேலே ஏற்றினார், பெனவென்டோவை முதல் நிலைக்கு ஏற்றினார், 2025இல் பீசாவை 34 வருடத்துக்குப் பிறகு சீரி ஆவுக்குக் கொண்டுவந்தார். தம்பி சிமோனே இன்டருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்து இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம்வரை போனார். அண்ணன் லெஃபே காலம் மாதிரியே கீழ் நிலை லீக்குகளில் ஏணி வைச்சுக்கொண்டு நின்றார்.

#19 பத்தாம்_எண்

சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து 2012 நோவாரா ஆட்டத்தைப் பார்த்தேன், அவருடைய கடைசி ஆட்டம். அந்த வருடம் சாம்பியன்ஸ் லீக் பட்டியலில்கூட அவர் பெயரைச் சேர்க்கவில்லை. நெஸ்டாவுக்கும் கட்டூஸோவுக்கும் அன்றைக்குத்தான் வழியனுப்பு. 1-1 என்று இருக்கும்போது உள்ளே வருகிறார். 82ஆவது நிமிடம் பந்து மேலிருந்து வருகிறது, மார்பில் வாங்கி, கீழே விழுவதற்குள் அடித்தார். கோல். நல்ல கோல். பாஜ்ஜோ போட்டிருந்தால் நான் சட்டமடித்து மாட்டியிருப்பேன்.

அப்புறம் அவர் ஓடின ஓட்டம். 38 வயசு, ஒன்றுமில்லாத ஆட்டம், பட்டம் ஏற்கெனவே யுவென்டஸுக்குப் போயாயிற்று. முதல் கோல் போட்ட பையன் மாதிரி அழுதுகொண்டே ஓடுகிறார். அந்த அசட்டுத்தனம் எனக்குப் பிடித்திருந்தது. ஐந்தில் சேர்க்க மாட்டேன். பத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

#20 நள்ளிரவு_ஆட்டம்

பத்து போதும். டீக்கடையில் சொல்லிவிடுகிறேன்.

கொடிக்காரர் சார், ஒரே ஒரு கேள்வி பாக்கி. அந்த 2010 மாட்ரிட் கோல். 37 வயதில் மாற்று ஆளாக வந்து பத்தே நிமிட இடைவெளியில் இரண்டு போட்டார், இரண்டாவதில்தான் எழுபது ஆனது. ரீப்ளேயில் அப்பட்டமான ஆஃப்சைடு, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அந்தக் கோட்டோரம் நீங்கள் நின்றிருந்தால் தூக்கியிருப்பீர்களா?

#21 கொடிக்காரர்

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்.

பேரனைக் கூப்பிட்டு, அந்த கிளிப்பை எங்கேயும் நிறுத்தாமல் நிஜ வேகத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் போடச் சொன்னேன். பழைய பழக்கம், செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். டி.வி. கேமரா கோட்டுக்கு நேராக இருக்காது, அந்தக் குறையையும் மனதில் வைத்துக்கொண்டேன். ரிசல்ட் எனக்கு முன்பே தெரியும், அது பெரிய சலுகை. கட்டூஸோ பந்தை வைத்திருக்கிறார். இன்சாகி மாட்ரிட் ஆள் ஒருவருக்குப் பின்னால் எங்கோ மறைகிறார். பாஸ். நான் கட்டூஸோ காலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் பெட்டிக்குள் இருக்கிறார், கீப்பர் கஸியாஸின் கால்களுக்கு நடுவே பந்து போய்விட்டது.

பேரன் என் கையைப் பார்த்துச் சிரித்தான். செய்தித்தாள் தொடையோடு ஒட்டிக்கொண்டு கீழேயே இருந்தது.